தெருவில் நின்று கேட்க வேண்டிய பாட்டு

மேளம் என்பது எங்கள் காவிரிக் கரையில் முதலில் கண்ணுக்குத் தெரிகிற விஷயம் அன்று. வீதிமூலையில் சுவாமி திரும்புவதற்கு நெடுநேரம் முன்பே, திண்ணையில் சாய்ந்திருக்கிறவனுக்குத் தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கம் மட்டும், சுவர்களைச் சுற்றிக்கொண்டு, மண்ணுக்குள்ளிருந்து கிளம்புவதுபோல் வந்து எட்டும்; கொஞ்சம் பொறுத்தால் வலந்தலையின் சொற்கள் ஒவ்வொன்றாய்ப் பிரியும்; பிறகு நாகஸ்வரமும், தாளத்தின் கணகணப்பும், சிறுவர் கூச்சலும், யாரோ யாரையோ ‘வழி விடுய்யா’ என்று அதட்டுவதும் எல்லாம் ஒரே வெள்ளமாக வாசலுக்கு வந்து, நின்று, தாண்டி, மறுபடியும் தொப்பி முழக்கம் மட்டுமாய்த் தேய்ந்து அடுத்த வீதிக்குள் மறையும். சபாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிற சங்கீதத்துக்கு ஒரு காது வேண்டுமென்றால், இதற்கு வேண்டியது வேறொரு காது. சபைக் காதைப் பற்றி நம்மவர்கள் நூறு வருஷமாக எழுதியிருக்கிறார்கள். தெருக் காதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

என்னை எழுதத் தூண்டியது நாகஸ்வரமும் அன்று, தவிலும் அன்று. லண்டனில் வளர்ந்த ஓர் ஈழத் தமிழ்ப்பெண் 2006-ஆம் ஆண்டு செய்த ‘பேர்ட் ஃப்ளூ’, அதாவது ‘பறவைக் காய்ச்சல்’ என்கிற விபரீதமான பெயர் கொண்ட ஒரு பாட்டு.

எங்கள் கிராமத்து மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரம் அது. திருவிழாவுக்கு வந்திருந்த தங்கை மகன், கல்லூரியில் படிக்கிறவன், காதில் எந்நேரமும் எதையாவது செருகிக்கொண்டிருப்பவன், அன்று என்ன தோன்றியதோ, அதைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டான். கோழி கத்துகிறது, குழந்தைகள் கூவுகிறார்கள், பத்திருபது கொட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து புரண்டு ஓடுகின்றன, நடுவில் ஒரு பெண் பாடுகிறாளா, ஏசுகிறாளா என்று தீர்மானிக்க முடியாத குரலில் எதையோ அடுக்கிக்கொண்டு போகிறாள். ராகம் என்று பிடித்துக்கொள்ள ஒரு நூலிழை கிடையாது. “இது என்னடா, சந்தைக்கடை?” என்றேன். “கொட்டு எதுன்னு தெரியுதா மாமா? அத மட்டும் கேளுங்க” என்றான். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் தோலின் மேல் வளைந்த குச்சி தேய்வதால் எழுகிற அந்த முனகல், அம்மன் கோயில் வாசலில் அருள் வரப்போகிறவர்களின் முதுகுத்தண்டைச் சிலிர்க்க வைக்கிற அந்த முனகல், காதில் பட்டது. உருமி!

பாடியவர் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. போர்க்களத்தில் காணாமற்போனவர்களைக் குறிக்கும் ஆங்கில இராணுவச் சொற்றொடரின் சுருக்கமே அது. 1975-இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இடையில் சென்னையிலும் சில காலம் இருந்து, போரின் நெருக்கடியில் தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் 1986-இல் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர். தந்தை அருளர், ஈழப் போராட்டத்தின் தொடக்க கால அமைப்பாளர்களில் ஒருவர். மகள் தம் முதல் ஆல்பத்துக்கு, 2005-இல், ‘அருளர்’ என்று அவர் பெயரையே வைத்தார். இரண்டாவதற்கு, 2007-இல், தாயின் பெயரை, ‘கலா’ என்று வைத்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ அந்தக் ‘கலா’வில் சேர்ந்தது.

இத்தகைய சங்கீதத்தை ‘அண்டர்கிரவுண்ட்’ என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். நேராகத் தமிழாக்கினால் ‘தலைமறைவு’ என்று ஆகும். ஆனால் கீழத்தஞ்சையில் அந்தச் சொல்லுக்கு வேறு சரித்திரம் உண்டு, பி.சீனிவாசராவ் போன்றவர்கள் குடிசைகளில் ஒளிந்து விவசாயத் தொழிலாளரைச் சங்கம் சேர்த்த சரித்திரம். பாட்டுலகத்துத் தலைமறைவு அவ்வளவு ஆபத்தானதன்று. வானொலிக்கும் பெரிய கம்பெனிக்கும் பிடிக்க வேண்டும் என்கிற கவலை இல்லாமல், கைக்குக் கை மாறிப் பரவட்டும் என்று செய்கிற சங்கீதம், அவ்வளவே. எம்.ஐ.ஏ.வும் அவ்வழியில் வந்தவர்தாம். முதல் ஆல்பத்துக்கு முன்னால் 2004-இல், டிப்லோ என்கிற இசையமைப்பாளரோடு சேர்ந்து, பிறர் பாட்டுத் துண்டுகளை அநுமதி கேளாமல் வெட்டி ஒட்டிய ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தார். ஆனால் தந்தையின் தலைமறைவையும் மகளின் தலைமறைவையும் ஒரே ஆங்கிலச் சொல் குறிப்பதில் உள்ள வேடிக்கையை நினையாமல் இருக்க முடியவில்லை.

பாட்டைப் பற்றிப் பேசுமுன் ‘புரொட்யூசர்’ என்பவர் யார் என்று சொல்லியாக வேண்டும். தயாரிப்பாளர் என்றால் நமக்குச் சினிமாவில் பணம் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறவர் என்றே பொருள். ஹிப்ஹாப்பில் அவர்தாம் கலைஞர். சொல்பவர் ஒருவர், அந்தச் சொல் நடக்கிற தரையைப் போடுகிறவர் இவர். அந்தத் தரைக்குப் ‘பீட்’ என்று பெயர். 1973-ஆம் வருஷம் ஆகஸ்ட் 11-ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த கூல் ஹெர்க் என்கிற ஜமைக்காப் பிள்ளை ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்திருந்தான்: பாட்டும் வாத்தியமும் ஓய்ந்து, டிரம் மாத்திரம் தனியே ஒலிக்கிற சில விநாடிகளில்தான் கூட்டம் எழுந்து ஆடுகிறது. ஆகவே ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு யந்திரங்களில் வைத்து, அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி, முடிவில்லாத ஒரு தனி ஆவர்த்தனமாக நீட்டினான். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ரசிகர்கள் காப்பி குடிக்க எழுந்து போவது பிரசித்தம். அங்கே அதற்காகவே எழுந்து வந்தார்கள்!

பிறகு யந்திரங்கள் வந்தன. 1987-இல் வெளிவந்த எஸ்.பி.1200 என்ற பெட்டி, எந்த ஒலியையும் பிடித்து வைத்துக்கொண்டு, பொத்தானைத் தட்டினால் திருப்பிக் கொட்டும். ஆனால் அதன் நினைவில் அடங்குவது எல்லாமாகச் சேர்த்துப் பத்து விநாடி ஒலிதான். நிமிஷத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் மெதுவாக்கி, இட நெருக்கடியைச் சமாளித்தார்கள் அந்த ஏழைப் பிள்ளைகள். அப்படிச் செய்ததில் ஒலி நொறுங்கி ஒரு கரகரப்பு ஏற்பட்டது. அந்தக் கரகரப்பே காலப்போக்கில் அழகாயிற்று. டெட்ராய்ட் நகரத்து ஜே டில்லா என்பவரோ, கொட்டு விழும் இடத்தைத் தானே திருத்திச் சரியான கணத்தில் பொருத்திவிடுகிற வசதி யந்திரத்தில் இருந்தும், அதை அணைத்துவிட்டு, விரலால் தட்டினார். ஒரு கொட்டு இம்மி பிந்தும், இன்னொன்று இம்மி முந்தும். தாளம் தவறாது, ஆனால் தள்ளாடும். பெரிய தவில் வித்வான்கள் காலப்பிரமாணத்தின் பின்விளிம்பில் சாய்ந்து வாசிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் புதிதன்று. தம் ‘டோனட்ஸ்’ ஆல்பம் வெளிவந்த மூன்றாம் நாள், 2006 பிப்ரவரி 10-ஆம் தேதி, முப்பத்திரண்டு வயதில் அவர் காலமானார். அவர் தட்டிய பெட்டி இன்று வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கறுப்பின வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது.

அதே 2006-இல் எம்.ஐ.ஏ.வுக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. டிம்பலாண்ட் என்ற பேர்பெற்ற புரொட்யூசரோடு அங்கே போய் அடுத்த ஆல்பத்தைச் செய்வதாகப் போட்டிருந்த திட்டம் தடைப்பட்டது. தடைப்பட்டது நல்லதற்கே என்பது என் அபிப்பிராயம். டிம்பலாண்டின் கூடத்துக்குப் போயிருந்தால் சீரான, மெழுகிய, விலைபோகக்கூடிய சரக்கு ஒன்று கிடைத்திருக்கும். கதவு அடைபட்டதால் அவர் நாடு நாடாகத் திரிந்து, சென்னைக்கு வந்து, ஏ.ஆர்.ரஹ்மானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருமி மேளக்காரர்களைக் கூட்டிவைத்துக் கொட்டச் சொன்னார். தாளத்தின் வித்து, 2003-இல் வந்த ‘ஜெயம்’ படத்துக்கு ஆர்.பி.பட்நாயக் அமைத்த ‘திருவிழான்னு வந்தா’ என்ற பாட்டில் ஒலிக்கிற உருமி. உடன் உழைத்தவர் ஸ்விட்ச் என்ற புனைபெயர் கொண்ட லண்டன் புரொட்யூசர் டேவ் டெய்லர். அந்த 2006 பிப்ரவரியில்தான் இந்தியாவில் முதன்முதலாக, மகாராஷ்டிரத்து நவாபூர்க் கோழிப்பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் தோன்றியிருந்தது. பாட்டின் பெயரும் அதில் கத்துகிற கோழியும் வெறும் கிறுக்கல்ல என்பதற்காகச் சொல்கிறேன். தொற்றிக்கொள்கிற தாளம், எல்லை தாண்டும்போது தடுத்து நிறுத்தப்படுகிற உயிர் என்று இரண்டு பொருளையும் அந்தப் பெயர் சுமக்கிறது.

உருமி இடை சிறுத்த இருமுகக் கருவி. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மற்ற முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பிலிருந்துதான் ‘உறுமல்’ பிறக்கிறது. மேல்நாட்டு டிரம்முக்குப் பொதுவாக அடி மட்டுமே உண்டு. உருமியோ அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள மௌனத்தையும் முனகலால் நிரப்பிவிடும். சாதாரண புரொட்யூசர் ஒருவர் இதை என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. ஒரு உருமியைத் தனியே பதிந்து, சுற்றியிருந்த இரைச்சலைக் கழுவி, அடியில் கனத்த பேஸ் ஒலி ஒன்றைப் போட்டு, மேலே புல்லாங்குழல் தூவி, ‘கிழக்கத்திய மணம்’ என்று விற்றிருப்பார். 1990-களிலும் அதன் பிறகும் இந்தியத் துண்டுகளைப் பயன்படுத்திய மேல்நாட்டுப் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் போயின. ‘பேர்ட் ஃப்ளூ’வைச் செய்தவர்கள் கழுவவில்லை. ஒரு கொட்டைப் பிரித்தெடுத்து முன்னால் நிறுத்தவும் இல்லை. கூட்டத்தைக் கூட்டமாகவே விட்டார்கள். கோழியும் குழந்தையும் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. கோழி தாளத்தின் ஓர் அட்சரமாகக் கொத்துகிறது. குழந்தைகளின் கூவல் தீர்மானத்தின் இடத்தில் வந்து விழுகிறது. பாடுகிற பெண்ணின் குரலும் மற்றொரு கொட்டே; பல்லவி, சரணம், சங்கதி என்று அதில் ஒன்றுமில்லை.

மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பாட்டை நான் ஐந்தாறு தடவை கேட்ட பிறகு எனக்குப் புலப்பட்டது, நான் கேட்க முயன்ற முறையே தவறு என்பது. சபைக் கச்சேரியில் பாடகர் நடுவில் இருப்பார், பக்கவாத்தியம் பக்கத்தில் இருக்கும், நாம் எதிரில் இருப்போம்; ஒவ்வொன்றுக்கும் ஓரிடம். இந்தப் பாட்டில் நடு என்பதே கிடையாது. நாம் தெருவோரத்தில் நிற்கிறோம். அது நம்மை இடித்துக்கொண்டு போகிறது. இடிக்கிற கூட்டத்தில் யார் வித்வான் என்று தேடுகிறவன் திருவிழாவையே தவறவிட்டவன். இந்தப் பாட்டுக்குப் படமும் எம்.ஐ.ஏ.வே பிடித்தார். தென்னிந்தியக் கடலோரத்து மீனவர் ஊர் ஒன்றில், சிறுவர்களும் கொட்டுக்காரர்களும் சூழ, அவரும் அந்தக் கும்பலில் ஒருத்தியாக ஆடுகிறார்.

குறை சொல்லாமல் விடவும் மனமில்லை. அந்தப் பெண்ணுக்குக் குரல்வளம் என்று சொல்லத்தக்கது அதிகம் கிடையாது. சொற்களும் பல இடங்களில் சவடாலாகவே நின்றுவிடுகின்றன. தாளம் சொல்கிற அளவுக்கு வார்த்தை சொல்லவில்லை. அதே ஆல்பத்தில் ‘தளபதி’ படத்து ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து இளையராஜாவின் கொட்டை எடுத்துக் கட்டிய ‘பேம்பூ பாங்கா’ என்ற பாட்டு, கட்டுக்கோப்பில் இதைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். உலகப் புகழ் வாங்கிக் கொடுத்ததோ இவை இரண்டும் அல்ல, ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்கிற மூன்றாவது. புகழும் தகுதியும் ஒரே வண்டியில் வருவதில்லை என்பது தியாகராஜ ஆராதனைக்கு வருஷா வருஷம் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு குறையும் உண்டு, அது அவருடையது மாத்திரமன்று. உலகமெல்லாம் அந்தப் பாட்டை ஆராய்ந்தவர்களில் எத்தனை பேர், கொட்டியவர்கள் யார், எந்த ஊர், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்கள்?

தி.ஜானகிராமனின் ‘செய்தி’ என்ற சிறுகதையை வாசகர்கள் அறிவார்கள். அதில் வெள்ளைக்கார சங்கீத கோஷ்டித் தலைவர் ஒருவர், நம் மொழியோ ராகமோ அறியாமல், ஒரு நாகஸ்வர வித்வான் வாசித்த ‘சாந்தமுலேகா’ கீர்த்தனத்தைக் கேட்டு உருகி, அதன் பொருளைத் தாமே உணர்ந்துகொள்கிறார். கதையைப் படிக்கும்போதெல்லாம் நமக்குப் பெருமையாக இருக்கிறது, வெளியிலிருந்து வந்தவனுக்கும் நம் சங்கீதம் புரிந்ததே என்று. இப்போது திசை மாறியிருக்கிறது. வெளியிலிருந்து நம் கொட்டே திரும்பி வந்திருக்கிறது. புரிந்துகொள்ள வேண்டிய முறை நம்முடையது. அந்தப் பரீட்சையில் நான் முதல் தடவை தேறவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ‘சந்தைக்கடை’ என்றேன் அல்லவா, அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன்.

தஞ்சை ஜில்லா தவிலைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் விரலுக்கு மிராசுதார்கள் தங்கத்தைக் கொட்டினார்கள். ஆனால் அதே ஊரின் கோடியில், வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தோலைக் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியுமாகத் தப்புக் கொட்டியவர்களுக்குச் சாவு வீட்டு வாசலும் திருவிழாத் தெருமுனையும்தான் மேடை. அவர்கள் கணக்கில் குறைந்தவர்கள் அல்ல. நான் கேட்ட தப்பாட்டக் குழுக்களின் கோர்வைகளைச் சில மிருதங்கக்காரர்கள் கேட்டால் வியர்த்துவிடுவார்கள். எது நாதம், எது இரைச்சல் என்பதைக் காது தீர்மானிப்பதற்கு முன்பே ஜாதி தீர்மானித்து வைத்திருந்தது. கோயில் தெருவில் கேட்ட உருமி எனக்குப் பக்தியாகவும், காதுக்குள் கேட்ட உருமி சந்தைக்கடையாகவும் தோன்றியதற்கு வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தெருக் கொட்டைப் புதுப் பாட்டுக்குள் கொண்டுவரும் காரியம் தமிழ்நாட்டிலும் பின்பு வேறு விதமாக நடந்திருக்கிறது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா.ரஞ்சித்தின் முயற்சியில், டென்மா என்ற இசையமைப்பாளர் சேர்த்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலில் மேடையேறியது. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும், பறையும் கிதாரும் ஒரே வரிசையில் நின்றன. அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு, ஆஃப்ரோ என்ற புரொட்யூசரோடு சேர்ந்து 2019-இல் ‘தெருக்குரல்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். தெருவுக்கு ஒரு குரல் உண்டு என்று தலைப்பிலேயே சொன்ன தைரியம் எனக்குப் பிடித்தது. வார்த்தையில் இவர் எம்.ஐ.ஏ.வை எங்கோ பின்னால் விட்டுவிடுகிறார். திருச்சியில் பிறந்த சந்தோஷ் நாராயணன் இசையில், பாடகி தீயும் அறிவும் பாடி 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைக் கேளாதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள், ஒப்பாரியும் வயலும் மூதாதையர் நினைவும் கலந்த நேர்த்தியான வேலை அது. நேர்த்தியே அதன் சிறப்பும், என் கணக்கில் அதன் எல்லையும்கூட. அது வெள்ளையடித்துக் கோலம் போட்ட வீடு. ‘பேர்ட் ஃப்ளூ’ செங்கல் தெரிய நிற்கிற வீடு. குடியிருக்க முன்னதுதான் வசதி. கட்டினவன் கை எப்படிப் போயிற்று என்று பார்க்க வேண்டுமானால் பின்னதற்குத்தான் போக வேண்டும்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியின் ஊசிக்குரல் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். கொட்டின் அடிப்பாகம் முழுவதும் அதில் தொலைந்துபோகும். நல்ல ஒலிபெருக்கி உள்ள வீட்டில், பாட்டை உள்ளறையில் ஓடவிட்டு, நீங்கள் வாசல் திண்ணையில் வந்து உட்காருங்கள். முதலில் தொலைவிலிருந்து கேளுங்கள். பிறகு எழுந்து மெல்ல உள்ளே நடந்து போங்கள். நான் அப்படித்தான் ஏழாம் தடவை கேட்டேன். தங்கை சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “சாமி பொறப்பட்டாச்சா அண்ணா?” என்றாள்.

அன்று இரவு அம்மன் புறப்பாட்டின்போது, எங்கள் தெருக்கோடியில் தப்புக்காரர்கள் வைக்கோல் மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சூடு ஏறிற்றா என்று பார்ப்பதற்காக ஒருவர் ஒரே ஒரு வரிசை கொட்டிப் பார்த்தார். தங்கை மகன் அவரிடம் கேட்டுக்கொண்டு, கைப்பேசியை நீட்டி அதைப் பதிந்துகொண்டான். பின்னால் ஒரு நாய் குரைப்பதும், வைக்கோல் சடசடப்பதும், “போதும் தம்பி” என்று அவர் சொல்வதும் அதில் சேர்ந்து விழுந்திருக்கின்றன. நாயை எடுத்துவிடப் போகிறாயா என்று கேட்டேன், மாட்டேன் என்றான். பதிவு பதினோரு விநாடி. அந்தப் பழைய எஸ்.பி.1200 பெட்டியாக இருந்தால் ஒரு விநாடி கொள்ளாமல் போயிருக்கும்.